பின்னறை காலியான வரலாறு

மனித குலத்தின் துயரத்துக்கு மூலகாரணம் என்ன என்று காலங்காலமாக ஞானிகள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஆசை என்றார். ஒருவர் அறியாமை என்றார். இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டார். பாவம், அவர்களில் யாருக்கும் மின்விசிறிக் கம்பெனியில் வேலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால், மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், ஒரு திங்கட்கிழமை காலை, தேநீர் வருவதற்கு முன்பே விடை தெரிந்திருக்கும். மனிதனின் துயரத்துக்குக் காரணம், மூடி தொலைந்துபோன பிளாஸ்டிக் டப்பா.

சிரிக்காதீர்கள், கண்ணுகளா. இந்த உண்மையால் கடைத்தேறிய ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவர் அந்தக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தார். காலையில் தொலைபேசியை எடுக்கும்போது 'மன்னிக்கவும்' என்று ஆரம்பிப்பார். சாயங்காலம் வைக்கும்போதும் 'மன்னிக்கவும்' என்றுதான் வைப்பார். அதனால் வாசல் காவலாளி முதல் முதலாளி வரை அவரை 'மன்னிப்பு' என்றே கூப்பிட்டார்கள். இளையவர்கள் மட்டும் மரியாதை கருதி 'மன்னிப்பு சார்' என்பார்கள்.

கம்பெனி செய்த மின்விசிறிகள் தனிக்குணம் கொண்டவை. சில சுற்றும், காற்று வராது. சிலவற்றில் காற்று வரும், ஆனால் மேல்நோக்கிப் போகும். "ஃபேன் நிக்குதுங்க, வீடுதான் சுத்துது" என்று ஒரு பெரியவர் தொலைபேசியில் அழுதிருக்கிறார். எல்லோருக்கும் மன்னிப்பு ஒரே பதிலைச் சொல்வார்: "மன்னிக்கவும். உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம்." பிறகு பதிவு செய்வார். பதிவு செய்ததும் பழுது வண்டி கிளம்பும்.

இந்தப் பழுது வண்டிக்கு ஒரு விதி உண்டு. வண்டிக்காரர் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வி கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் நேரம் போகும் என்று மனிதவள மேலாளர் தன் கைப்பட எழுதிய விதி அது. பதிவில் எந்தப் பொருள், எந்த இடம் என்று இருக்கிறதோ, அங்கே போய் அதைத் தூக்கி வந்து புகார்ப் பிரிவில் இறக்க வேண்டும். புகார் தீரும்வரை பொருள் புகார்ப் பிரிவின் பொறுப்பு. புகார் தீர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே மன்னிப்பின் நாற்காலியைச் சுற்றி இறக்கை கழன்ற விசிறிகள் சுவர் உயரத்துக்குக் குவிந்திருந்தன. எவனாவது எப்போது திரும்ப வரும் என்று கேட்டால் சொல்வதற்கும் ஒரு சொல் இருந்தது: "விரைவில்."

முன்பெல்லாம் அந்தப் பிரிவில் ஒரு கும்பலே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவராக 'விடுவிக்கப்பட்டார்கள்.' ஆட்கள் போனார்களே தவிர, அவர்களுடைய தொலைபேசிகள் போகவில்லை. அவை தத்தம் மேசையில் உட்கார்ந்து மணியடித்தன. மன்னிப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு ஓடினார். ஓடி ஓடி அவருடைய இடது கண்ணிமை துடிக்கத் தொடங்கியது. முதலில் வேலை நேரத்தில் மட்டும் துடித்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் துடித்தது. வீட்டில் மனைவி, "குழாய் சொட்டுதுங்க" என்றால், "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்றார். "எப்ப சரி பண்ணுவீங்க?" என்றால், "விரைவில்" என்றார். குழாய் இன்றைக்கும் சொட்டுகிறது.

அவருக்கு ஆறுதலான நேரம் என்று ஒன்று இருந்தது. சாயங்காலம் கூடத்தில் ஒரு பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். பின்னறையில் அவர் மனைவி தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். டக டக டக டக என்று அந்தச் சத்தம் ஒரே சீராக வரும். இமை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். இது எதனால் என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்கத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேலாளரைப் பார்க்கப் போனார். மனிதவள மேலாளர் ஊழியர்களின் கண்ணீருக்கென்றே மேசையில் மெல்லிய காகிதக் கைக்குட்டைப் பெட்டி வைத்திருக்கும் உத்தமி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். அப்படிச் சாய்த்தால் எதிரில் இருப்பவருக்கு ஏதோ கிடைக்கப்போகிறது என்று தோன்றும்.

"ஒரே ஒரு ஆள் குடுத்தா போதும் மேடம். தனியா சமாளிக்க முடியல. கண்ணு துடிக்குது."

"எந்தக் கண்ணு?"

"இடது."

மேலாளர் ஒரு நிமிடம் ஆழ்ந்து யோசித்தார். "உங்க வீட்ல இடது பக்கம் என்ன இருக்கு?"

"பின்னறை மேடம். என் மனைவி அங்கதான் துணி தைப்பா."

"துணி, நூல், பட்டன், கத்தரி, எல்லாம் அடைசலா கிடக்குமே?"

"கிடக்கும் மேடம்."

"பாத்தீங்களா," என்றார் மேலாளர் கனிவோடு. "பிரச்சினைய வீட்ல வச்சிட்டு ஆபீஸ்ல தேடிட்டிருக்கீங்க."

மன்னிப்பு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்த திங்கட்கிழமைதான் நான் முதலில் சொன்ன அந்தப் பொன்னாள். மூன்றாம் மாடிக்கு அமைதி ஆலோசகர் எழுந்தருளினார். மேலிருந்து கீழ்வரை வெள்ளை. வயது முப்பதுக்குள். நடந்தால் சத்தம் வராது. பேசினாலும் அதிகம் வராது. கடைசி வரிசைக்காரர்கள் அவர் உதட்டைப் பார்த்துத்தான் ஞானம் பெற்றார்கள். வீடு என்பது மனத்தின் படம் என்றார். அலமாரியில் அடைசல் இருந்தால் நெஞ்சில் படபடப்பு இருக்கும் என்றார். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: "இது இங்க என்ன வேல செய்யுது?" பொருள் பதில் சொல்லத் தடுமாறினால் அதற்கு 'விடுதலை' கொடுத்துவிட வேண்டும். அதற்கென்று கம்பெனியின் பழுது வண்டிக்கே 'விடுதலை வண்டி' என்று ஒரு துணிப்பதாகை கட்டியாயிற்று. வண்டிக்காரரும் அவரேதான். கேள்வி கேட்கக் கூடாது என்ற விதியும் அதேதான்.

ஒவ்வொருவரும் வீட்டைக் காலி செய்து அறை அறையாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். படத்தில் எவ்வளவு தரை தெரிகிறதோ, அவ்வளவு 'வெற்றிட மதிப்பெண்.' முதலிடம் பெறுபவரின் கோரிக்கை ஒன்றை நிர்வாகம் 'பரிவுடன் பரிசீலிக்கும்.' கூட்டம் முடிந்ததும், பொருள்களிலிருந்து விடுபடுவதற்குத் தேவையான பொருள்களை எல்லோருக்கும் கொடுத்தார்கள்: அடுக்கு டப்பாக்கள், துணிப் பைகள், வாசனை மெழுகுவத்தி, 'காலியே அமைதி' என்று எழுதிச் சட்டமிட்ட பலகை. மன்னிப்பு இதையெல்லாம் இரண்டு நடையாக வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மனைவி கதவைத் திறந்தாள். அவள் கழுத்தில் இஞ்ச் டேப் மாலைபோல் தொங்கியது. வாயோரம் இரண்டு குண்டூசி. அக்கம்பக்கத்தில் சட்டை பிடித்தாலும் தளர்ந்தாலும், திரைச்சீலை நீளமானாலும், பள்ளிக்கூடச் சீருடை ஒரு வருஷத்துக்குள் சின்னதாகிவிட்டாலும் அவளிடம்தான் வருவார்கள். பின்னறை அவள் ராஜ்ஜியம். ஜன்னலோரம் மிஷின்; அதன் சக்கரத்தில் விரிசல் விட்ட இடத்தில் நீல டேப் சுற்றியிருப்பாள். சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் பாதி தைத்த துணி.

கதையைக் கேட்டுவிட்டுக் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். "ஆள் கேட்டீங்க, டப்பா குடுத்தாங்களா?"

"இது மனநலம். உனக்குப் புரியாது."

"புரியுதுங்க. மூடி சரியா இருக்கான்னு பாத்து வாங்குனீங்களா?"

அதற்கப்புறம் மன்னிப்பின் வாழ்வில் விடுதலை இயக்கம் தொடங்கியது. மூடியில்லாத டப்பாக்கள் போயின. பிறகு டப்பா இல்லாத மூடிகள் போயின. பழைய செய்தித்தாள், ஒற்றைச் செருப்பு, நின்றுபோன கடிகாரம் எல்லாம் போயின. அதுவரை சரிதான், மனைவியே வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தாள். வீடு பெருக்க லேசாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். இங்கே நிறுத்தியிருந்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் மதிப்பெண் என்று ஒன்று வந்துவிட்டால் மனிதன் நிறுத்துவானா? குடைக்கு விடுதலை கொடுத்தார். மறுநாள் நனைந்துகொண்டே வந்தார். ஏணிக்குக் கொடுத்தார், பல்பு போனபோது நாற்காலி தேடினார், நாற்காலிக்கும் கொடுத்திருந்தார். சாப்பாட்டு மேசை போனது. விருந்தாளி வந்தால் உட்காரச் சொல்ல இடமில்லாததால் விருந்தாளிகளும் போனார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மேலாளர் பூங்கொத்துப் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். இமை மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. "இன்னும் ஆழமா போங்க" என்றார்கள்.

ஆலோசகரே ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றி, தான் கொண்டுவந்த துணிப் பையில் போட்டு, பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கூடத்தைப் பார்த்து மெய்சிலிர்த்தார். பிறகு பின்னறை வாசலில் வந்து நின்றார். நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, மாடிப்படி ஏறி மூச்சு வாங்குதா?" என்றாள் மனைவி, மிஷினை நிறுத்தாமல்.

"இந்த ரூம் அழுவுதும்மா."

"அது மிஷினுக்கு எண்ணெ போடணும். அப்படித்தான் கிறீச்சுங்கும்."

ஆலோசகர் மிஷின்மேல் மெதுவாக விரலை வைத்தார். "இது இங்க என்ன வேல செய்யுது?"

"தைக்குது." அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு நிமிர்ந்தாள். "நீங்க இங்க என்ன வேல செய்றீங்க தம்பி?"

அன்று பின்னறைக்குப் பூஜ்யம் மதிப்பெண் விழுந்தது. படி இறங்கும்போது ஆலோசகர் மன்னிப்பின் தோளைத் தொட்டு, உங்கள் கண் துடிப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை என்றார்.

அப்போது பார்த்து மனைவியின் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். மனைவி நாலைந்து நாள் அங்கே போய் இருந்துவிட்டு வர வேண்டியதாயிற்று. கிளம்பும்போது, பின்னறைக் கதவைச் சாத்தியே வைக்கச் சொன்னாள். பாட்டு டீச்சரின் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, ஒரு கை தைத்தாயிற்று, இன்னொரு கையை வந்துதான் தைக்கணும், தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

மறுநாளே மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் தேன். கம்பெனி முழுவதிலும் முதலிடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் மன்னிப்புதான். தடையாக இருப்பது அந்த ஒரு அறைதான். அதுவும் காலியாகிவிட்டால் அவர் கேட்ட கூடுதல் ஆள் கிடைத்த மாதிரிதான் என்றார்.

"என் மனைவி ஊர்ல இல்ல மேடம். அவளக் கேக்காம..."

"ஒரு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டுமே," என்றார் மேலாளர்.

ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டே பழகியவருக்கு அனுமதி கேட்கும் பழக்கம் இல்லை. தவிர, அவர் கணக்கு இதுதான்: ஒரு ஆள் வந்தால் இமை நிற்கும். இமை நின்றால் நிம்மதியாக யோசித்து, மனைவிக்குப் புதிதாக ஒரு மிஷின் வாங்கலாம், மோட்டார் வைத்தது, சத்தமே போடாதது. விடுதலை வண்டி வந்தது. வண்டிக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. மிஷினைத் தூக்கினார், துணி மூட்டையைத் தூக்கினார், பட்டன் டப்பாவைத் தூக்கினார், சுவரிலிருந்த ஆணியைக்கூடப் பிடுங்கிக்கொண்டார். கதவு சுவரோடு ஒட்டித் திறந்திருந்ததால் அதன் பின்னால் தொங்கிய ஒற்றைக்கைச் சட்டை மட்டும் தப்பியது. மிஷின் படியிறங்கும்போது, மன்னிப்பு தன்னை அறியாமல் அதைப் பார்த்து, "மன்னிக்கவும்" என்றார். படம் எடுத்து அனுப்பினார். முழு மதிப்பெண்.

அன்று சாயங்காலம் பாயை விரித்துப் படுத்தார். வீடு அமைதியாக இருந்தது. எவ்வளவு அமைதி என்றால், இமை துடிப்பது அவர் காதுக்கே கேட்டது. குழாய் சொட்டுவதும் கேட்டது. இரண்டும் மாற்றி மாற்றிக் கேட்டன.

மனைவி வந்து பையை வைத்துவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனாள். அவர் பின்னாலேயே போய் நின்றார். மிஷின் நின்ற இடத்தில் தரையில் நாலு காலும் பதிந்த தடம் மட்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்தரி?" என்றாள்.

"அதுவும்."

"அடுத்த வீட்டுப் பொண்ணோட சீருடை?"

"அதுவுந்தான்."

"எம் மேல கோவம்னா திட்டியிருக்கலாமே."

"கோவமெல்லாம் இல்ல. மனநலம்."

"யாரோடது?"

அவர் வாயைத் திறந்தார். வாழ்நாளெல்லாம் சொன்ன அந்தச் சொல், தேவைப்பட்ட நேரத்தில் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் வேடிக்கை. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தட்டினார்கள். மனைவி சமையலறையிலிருந்து நகரவில்லை. "புகார்ப் பிரிவு அங்க இருக்கு" என்று கூடத்தைக் காட்டிவிட்டாள். ஆகவே மன்னிப்பு அலுவலகத்தில் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மிச்சத்தைக் கேட்டார். பாட்டு டீச்சரிடம் ஒற்றைக்கைச் சட்டையை நீட்டியபோது அந்த அம்மாள் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இன்னொரு கை எப்ப வரும்?" என்றாள்.

"விரைவில்."

"அதுவரைக்கும் ஒரு கையோட பாடவா?" என்று சட்டையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

இந்த நிலையில்தான் அவருக்கு வெற்றி விழா நடந்தது. அமைதிக் கோப்பை என்று ஒன்றைக் கொடுத்தார்கள். வைக்க வீட்டில் மேசை இல்லாத அளவுக்குப் பெரியது. கைத்தட்டல் ஓய்ந்ததும் மேலாளர் அவரைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். அலுவலகமும் இப்போது ஆலோசகர் சொற்படிதான் நடக்கிறது, பாருங்கள் என்று கதவைத் திறந்தார். உண்மையாகவே கண்ணைப் பறித்தது. அலமாரி இல்லை, கோப்பு இல்லை, காகிதக் கைக்குட்டைப் பெட்டியும் இல்லை. பளபளவென்று தரை. மேலாளருக்கு ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி. ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடி.

செடி ஒரு மேசைமேல் இருந்தது. மேசைக்குக் கீழே மிதி இருந்தது. பக்கத்தில் சக்கரம் இருந்தது. சக்கரத்தில் நீல டேப் சுற்றியிருந்தது.

"அழகா இருக்கில்ல?" என்றார் மேலாளர். "ஆலோசகரோட அன்பளிப்பு. பழைய காலத்துப் பொருள். அதப் பாத்தாலே எனக்கு மனசு லேசாயிடுது."

"அது என்ன வேல செய்யுது மேடம்?" மன்னிப்பின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"ஒண்ணும் செய்யல. அதானே அழகு."

மன்னிப்பின் கோரிக்கைக்கு வந்தார் மேலாளர். நிர்வாகம் அதைப் பரிவுடன் பரிசீலித்துவிட்டது. அலுவலகத்தில் இருக்கும் ஒரே அடைசல் புகார்ப் பிரிவுதான் என்று ஆலோசகர் கண்டுபிடித்திருக்கிறார். மன்னிப்பின் வீட்டிலோ இடம் தாராளமாக இருக்கிறது. அதற்குக் கம்பெனியிடம் படமே இருக்கிறது. ஆகவே நாளை முதல் புகார்ப் பிரிவு அவர் வீட்டுப் பின்னறையில் இயங்கும்.

"நான் ஆள் கேட்டேனே மேடம்."

"அதுக்குத்தான் வர்றேன். உங்க மனைவி இப்ப சும்மாதானே இருக்காங்க?"

விசிறிகள் வந்து இறங்கின, கண்ணுகளா. சுற்றாதவை, நிற்காதவை, மேலே ஊதுபவை எல்லாம் வந்தன. வண்டிக்காரர் ஏன் என்று கேட்காமல் நடைக்கு மேல் நடையாக அடுக்கினார். பின்னறை நிரம்பிக் கூடம் நிரம்பிக் குளியலறை வாசல்வரை வந்துவிட்டது. தொலைபேசிகளும் வந்தன. அலுவலகத்தில் புகார்ப் பிரிவு இருந்த இடத்தைப் படம் எடுத்து, 'அமைதி திரும்பியது' என்று எல்லோருக்கும் அனுப்பினார் மேலாளர்.

மன்னிப்பு மனைவியிடம் மிஷின் இருக்கும் இடத்தைச் சொன்னார். மறைக்கத் தோன்றவில்லை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மேல செடியா? தண்ணி ஊத்துறாங்களா?"

"ஊத்துறாங்க."

"துருப்பிடிச்சிடும்."

அவ்வளவுதான். அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. போய் விசிறிகளுக்கு நடுவே தன் இடத்தில் உட்கார்ந்தார். தொலைபேசி அடித்தது. எடுத்தார்.

"மன்னிக்கவும். உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம்."

"என்னோட தையல் மிஷின் காணாமப் போயிடுச்சுங்க," என்றது குரல். காதுக்குள் ஒரு முறையும், சமையலறைக் கதவு வழியாக ஒரு முறையும் கேட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், கைபேசி காதில். அவர் தொலைபேசியை வைத்திருக்கலாம். எழுந்து போய் நாலு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான். கை தானாகவே புகார் பதியும் கணினியின் விசைப்பலகைக்குப் போனது.

"பொருள் என்னங்க?"

"கால்ல மிதிக்கிற தையல் மிஷின். சக்கரத்துல நீல டேப்."

"யாருக்குச் சொந்தம்?"

"எனக்கு."

"இப்ப எந்த இடத்துல இருக்குங்க?"

"மின்விசிறிக் கம்பெனில, மேலாளர் ரூம்ல. ஜன்னலோரமா, செடிக்குக் கீழ."

அவர் விரல் நின்றது. இமை படபடவென்று அடித்தது. வேலை போகும். போனால் வேறு வேலை தெரியாது. கம்பெனியில் அவர் சேர்ந்த நாள் முதல் எந்தப் புகாரும் தீர்ந்ததில்லை. ஆனால் பதிவு செய்யாமல் எந்தப் புகாரையும் அவர் விட்டதும் இல்லை.

"புகார் என்னங்க?" என்றார் மெதுவாக.

"என்னக் கேக்காம எடுத்துக் குடுத்துட்டாங்க."

"தப்புதான்," என்றார் மன்னிப்பு. கம்பெனி எழுதிக்கொடுத்த வாசகங்களில் அந்தச் சொல் இல்லை. பிறகு பொத்தானை அழுத்தினார்.

பழுது வண்டி கிளம்பியது. மேலாளர் அப்போது முதலாளியோடு கூட்டத்தில் இருந்தார். வண்டிக்காரர் அறைக்குள் போனார், செடியை இறக்கித் தரையில் வைத்தார், மிஷினைத் தூக்கினார். வழியில் யாரோ, எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டதற்கு, "நான் கேக்கறதில்லீங்க" என்றார். விதிப்படி, புகாருக்குரிய பொருளைப் புகார்ப் பிரிவில் கொண்டுவந்து இறக்கினார்.

விசிறிகளைக் கூடத்துக்குத் தள்ளி ஜன்னலோரம் இடம் பண்ணினார்கள். கணவனும் மனைவியுமாக மிஷினின் நாலு காலையும் பழைய தடத்திலேயே பொருத்தினார்கள். பலகையில் தண்ணீர்க் கறை வட்டமாக இருந்தது. மனைவி முந்தானையால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. இழுப்பறையைத் திறந்தாள். நூல் சுற்றிய பாபின் இருந்தது, எண்ணெய்க் குப்பி இருந்தது, அடியில் மடித்து வைத்த துணி ஒன்று இருந்தது. பாட்டு டீச்சரின் இன்னொரு கை.

அவள் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மன்னிப்பு எழுந்தார். "நீங்க படுங்க," என்றாள். "நான்தானே கூடுதல் ஆள்." தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.

மறுமுனையில் மேலாளர். தன் அறையிலிருந்த மேசையைப் பழுது வண்டி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றார்.

"மன்னிக்கவும். உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம்," என்றாள் மனைவி. தினமும் கேட்டுப் பழகியதால் தடுமாற்றமே இல்லை. "அது மேசை இல்லீங்க மேடம், தையல் மிஷின். இன்னொருத்தர் புகார்ல இருக்கு."

"அது எனக்கு அன்பளிப்பா வந்தது."

"அதுதாங்க புகாரே."

"உடனே திருப்பி அனுப்புங்க."

"புகார் தீர்ற வரைக்கும் இங்கதான் இருக்கணுமாங்க. விதி. நீங்க எழுதுனதுதான்னு சொன்னாங்க."

மனைவி மிதிக்கத் தொடங்கினாள்.

"அது என்ன சத்தம்?"

"பழுது பாத்துட்டிருக்கோங்க."

"எப்ப திரும்ப வரும்?"

"விரைவில்."

"இங்க பாருங்க, எனக்குக் காலையிலேர்ந்து கண்ணு வேற துடிக்குது."

"எந்தக் கண்ணு மேடம்?"

"இடது."

"உங்க ரூம்ல இடது பக்கம் என்னங்க இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப வேற ஏதோ," என்றாள் மனைவி அக்கறையோடு, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

கூடத்தில், சுற்றாத விசிறிகளுக்கு நடுவே, கால் நீட்டவும் இடமில்லாத ஒரு பொந்தில் மன்னிப்பு பாயை விரித்திருந்தார். மதிப்பெண் போட்டால் பூஜ்யத்துக்கும் கீழே போகும் வீடு. டக டக டக டக என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர் இமை அடங்கியதா என்று கேட்காதீர்கள். அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார், பார்க்க முடியவில்லை. அவரை வேலையைவிட்டு நீக்கலாமா என்று நிர்வாகம் பரிவுடன் பரிசீலித்தது. நீக்கினால் அத்தனை விசிறியும் அலுவலகத்துக்குத் திரும்பி வரும் என்று யாரோ சொன்னதும், பரிசீலனையை ஒத்திவைத்தார்கள்.

மேலாளர் அமைதி ஆலோசகரை அவசரமாக வரவழைத்தார். ஆலோசகர் சத்தமில்லாமல் வந்தார். செருப்பைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பழுக்கில்லாத அறை. அலமாரி இல்லை, கோப்பு இல்லை, மேசை இல்லை. இவ்வளவு சுத்தமான இடத்தில் ஒருவருக்கு எப்படி மனம் அமைதியில்லாமல் இருக்க முடியும் என்று அவர் திகைத்தார். தரையில் இருந்த செடியிடம் குனிந்து, "இது இங்க என்ன வேல செய்யுது?" என்று வழக்கம்போல் கேட்டுக்கொண்டார். காற்றைச் சுத்தம் செய்கிறது. இருக்கட்டும் என்று விட்டார். பிறகு நிமிர்ந்து, அந்த அறையில் மிச்சம் வேறு என்னதான் இருக்கிறது என்று சுற்றிலும் தேடினார். மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி ஆலோசகரின் வாய்வரை வந்துவிட்டது. தனக்கு இன்னும் சம்பளம் வரவில்லை என்பது ஞாபகம் வரவே, விழுங்கிவிட்டார்.